அவருக்குப் பதிலாக

ஜனவரி 14, 2018. ஞாயிறு

பொங்கல். பல்கனியில் காஸ் அடுப்பை வைத்துப் பொங்கினேன். புகை வருகிறது என்று கீழ்வீட்டு இத்தாலியச் சினோரா கத்தினாள். காஸ் அடுப்பில் ஏது புகை என்று கேட்டேன். யன்னலைச் சாத்திக்கொண்டாள்.

நாளைக்கு அடுத்த ஒபெரா இசைநாடகத்தின் ஒத்திகை தொடங்குகிறது. எங்கள் உடைப் பகுதித் தலைவி சினோரா பீனா ஆளுக்கொரு கொப்பி தந்திருக்கிறாள். எந்தக் காட்சியில் யாருக்கு எந்த உடை, எத்தனை கொக்கி, மாற்ற எத்தனை வினாடி என்று குறித்துவைக்க. முன்பக்கத்திலிருந்து அவளுக்காக எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து எனக்காக. தமிழில் எழுதினால் அவளுக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை.

யசோதினி, வயது நாற்பது. ஊர் யாழ்ப்பாணத்து நெல்லியடி. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து பதினாறு வருடம். தியேட்டரில் பாடகிகளுக்கு உடை மாட்டிவிடும் வேலை ஏழு வருடம். கணவர் கேதீஸ்வரன் சந்தைக் கடைகளுக்கு வான் வண்டியில் மரக்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறார். வான் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. இவ்வளவுதான்.

ஜனவரி 15, திங்கள்

ஒபெராவின் பெயர் ‘லேஸ் பின்னுகிறவள்’. பீனா கதை சொன்னாள். லிவியா என்று ஒருத்தி, லேஸ் பின்னிப் பிழைக்கிறாள். அவளுடைய காதலன் கொர்ராதோ, சண்டையில் ஒரு பிரபுவைக் குத்திவிட்டு ஒளிந்துகொள்கிறான். லிவியா நீதிமன்றத்துக்குப் போய், என் கத்தரிக்கோலால் நானே குத்தினேன் என்கிறாள். அவன் கப்பலேறித் தப்புகிறான். கடைசி அங்கத்தில் அவள் பதினொரு நிமிடம் பாடிவிட்டுத் தூக்குமேடை ஏறுகிறாள்.

சொல்லும்போதே பீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு முன்பும் இதே தியேட்டரில் இதைப் பார்த்து அழுதாளாம்.

“அவனுக்குக் கால் இல்லையோ, திரும்பி வர?” என்று கேட்டேன்.

“நீ ஒரு கல்லு” என்றாள் பீனா. இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

தூக்குமேடை உடை வெள்ளைச் சட்டை. முதுகில் பதினாறு கொக்கி. மேடைக்குப் பின்னால் இருட்டில் நாற்பது வினாடியில் மாற்றவேண்டும்.

ஜனவரி 18, வியாழன்

காலையிலிருந்து மழை. ஒத்திகை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அந்த மழையில் நின்று கேதீஸ் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து விளக்கு உடைந்திருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் இடித்துவிட்டதாம். சாப்பாடு வேண்டாம் என்றார்.

ஜனவரி 19, வெள்ளி

சந்தைத் தெருவில் நேற்று மாலை ஒரு வான் ஒரு கிழவியை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அவித்த உருளைக்கிழங்கு விற்கிற சினோரா நுன்சியா. இடுப்பெலும்பு முறிவு. பீனா சொன்னாள்.

இந்த நகரத்தில் எத்தனையோ வான்கள்.

ஜனவரி 23, செவ்வாய்

லிவியாவாகப் பாடுகிறவள் இன்றைக்கு அளவு கொடுக்க வந்தாள். பெயர் அஞ்ஞேசே. வடக்கே ஏதோ மலையூர். நல்ல உயரம், பெரிய கை, பெரிய சிரிப்பு. அளவெடுக்கும்போதே ஒரு முழுப் பாண் ரொட்டியைத் தின்று முடித்துவிட்டாள். “இதுவரைக்கும் மேடையில ஒன்பது தரம் செத்திட்டன். பசியோட செத்ததில்லை” என்றாள்.

வீட்டுக்கு வந்தால் கேதீஸ் புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இது முதல் தடவை. சாப்பிடும்போது, “போன வியாழக்கிழமை நீ எத்தினை மணிக்கு வேலை முடிச்சனி?” என்று கேட்டார். ஏன் என்றேன். சும்மா என்றார்.

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. நான் சொல்லவில்லை.

ஜனவரி 27, சனி

சொல்லிவிட்டார்.

பொலிசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தெருக் கமெராவில் எங்கள் வான் பதிந்திருக்கிறது. மழையில் ஓட்டியவரின் முகம் தெரியவில்லை. வான் யார் யார் பெயரில் இருக்கிறதோ அந்த இரண்டு பேரும் பெப்ரவரி 15 அன்று வந்து, ஓட்டியது யார் என்று சொல்லவேண்டும்.

“ஆளில பட்டது எண்டே எனக்குத் தெரியாது, யசோ. பெட்டியோ என்னவோ எண்டுதான் நினைச்சனான்” என்றார்.

பிறகு கேட்டார். வானை ஓட்டியது நான் என்று பொலிசில் நான் சொல்லவேண்டுமாம்.

“உனக்கு நிரந்தர வதிவிட அட்டை இருக்கு. உன்னை ஒண்டும் செய்யமாட்டினம். எனக்கு ரெண்டு வருசத்துக்கொருக்கா புதுப்பிக்கிற பேப்பர். ஒரு வழக்கு விழுந்தா அதோட சரி. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“எனக்கும் வழக்குத்தானே விழும்?”

“நீ பொம்பிளை. அழுதா விட்டிடுவாங்கள். கிழவிக்குக் கண்ணாடியும் விழுந்திட்டுது, அவ ஒருத்தரையும் காணேல்லை.”

யோசிக்கிறேன் என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. ஊரில் எட்டு மாதம் இராணுவ முகாமில் அடைபட்டிருந்துவிட்டு வந்தவர். இன்றைக்கும் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறவர். அவருடைய பயம் பொய்ப் பயமில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

பெப்ரவரி 1, வியாழன்

லிவியா நீதிமன்றத்தில் பழியை ஏற்கும் காட்சி. அவள் முழந்தாளிட்டுப் பாடவேண்டும் என்றார் இயக்குநர். அஞ்ஞேசே நின்றுகொண்டே பாடினாள். மூன்று தரம் நிறுத்தினார். மூன்று தரமும் நின்றே பாடினாள்.

“முழந்தாளில பாட ஏலாதோ?” என்று கேட்டார்.

“ஏலும். விருப்பமில்லை.”

இடைவேளையில் அவள் முதுகுக் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்: “தனக்காக இவள் சாகப்போறாள் எண்டு கொர்ராதோவுக்குத் தெரியுமோ?”

அஞ்ஞேசே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “முழு இசைப் புத்தகத்திலயும் தேடிப் பாத்தனான். அவனுக்குத் தெரியுமா இல்லையா எண்டு ஒரு வரியும் இல்லை. கடைசி அங்கத்தில அவனுக்குப் பாட்டே இல்லை. அந்த நேரம் உடுப்பு மாத்திக்கொண்டு வீட்டை போயிடுவான்.”

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முடிய நேரமெடுத்தது.

பெப்ரவரி 4, ஞாயிறு

கேதீஸின் தங்கை சிவரதி ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

“மச்சாள், நீங்கள் அண்ணாவைக் காப்பாத்துவியள் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கென்ன, பிள்ளையோ குட்டியோ? உங்கட குறையோட அண்ணா இவ்வளவு காலம் உங்களை வச்சிருக்கிறார்தானே. அந்த நன்றிக்காவது செய்யுங்கோ.”

கேதீஸ் பக்கத்தில்தான் இருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனை வைத்துவிட்டு உடுப்புத் துவைத்தேன். படுக்கை விரிப்பு இரண்டு, அவருடைய சேட் ஐந்து, துவாய்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சோதித்தார்கள். குறை என்னிடம் இல்லை. அப்போது எனக்கு முப்பது வயது. பஸ்ஸில் வரும்போது அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். என்னில்தான் பிழை என்று எல்லாருக்கும் சொல்லுவம் என்று நானே சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு அன்பு வைக்க வேறு யாரால் முடியும் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் மற்றவர்களிடம் உண்மையைச் சொல்லுவார் என்றும் நினைத்தேன்.

பத்து வருடம் ஆகிறது.

பெப்ரவரி 6, செவ்வாய்

மதியம் ஒத்திகை இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போகவேண்டியிருந்தது. போனதால் உள்ளேயும் போனேன்.

சினோரா நுன்சியா சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். எழுபத்தொரு வயது. உங்கள் கடையில் கிழங்கு வாங்குகிறவள் என்றேன். அது பொய்யில்லை, இரண்டு தரம் வாங்கியிருக்கிறேன். அவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

“விழுந்த உடனே கண்ணாடி எங்கயோ போயிட்டுது. முகம் தெரியேல்லை. ஆனா அவன் இறங்கி வந்தவன், மகளே. கக்கத்துக்குள்ள கையைக் குடுத்து என்னைத் தூக்கி, நடைபாதையில சுவரோட சாத்தி இருத்திவிட்டவன். மழை படாமல் என்ர சாக்கை எடுத்துத் தலைக்கு மேல போட்டுவிட்டவன். ஆம்புலன்ஸைக் கூட்டியரத்தான் போறான் எண்டு நினைச்சன். நல்ல பெடியன் எண்டுகூட நினைச்சன். அரை மணித்தியாலம் அவனைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“ஆம்பிளைதான் எண்டு தெரியுமோ?”

“ஆம்பிளைக் கைதான். பொலிசுக்கும் சொன்னனான். நான் மயக்கத்தில இருந்திருப்பன் எண்டு எழுதிக்கொண்டு போயிட்டினம்.”

அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாக, விதை எடுத்து. வெளியே வந்து பஸ் தரிப்பில் இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன்.

கண்ணாடி விழுந்தது கேதீஸுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்கவேண்டும்.

பெப்ரவரி 8, வியாழன்

கேட்டேன்.

“நீங்கள் இறங்கினனீங்கள். அவவைத் தூக்கி இருத்தினனீங்கள்.”

கேதீஸ் மறுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தார்.

“போன் கையிலதான் இருந்தது, யசோ. ஆம்புலன்ஸ் நம்பரும் அடிச்சனான். அடிச்சிட்டு நிப்பாட்டிப்போட்டன். பேர் கேப்பாங்கள், பேப்பர் கேப்பாங்கள் எண்டு பயம். கால் தன்பாட்டில வானுக்குப் போயிட்டுது.”

“என்னட்டை ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“உள்ளதைச் சொன்னா நீ ஓம் எண்டு சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன்.”

“இப்பவும் சொல்லேல்லை.”

அவர் எழுந்து வந்து என் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். “நீ எனக்காக எவ்வளவு பெரிய விசயத்தைச் சுமந்தனி. இது அதிலும் சின்னன்தானே. இன்னொருக்கா, கடைசியா.”

“அதைச் சுமந்தபடியாத்தானே இதையும் கொண்டு வாறியள். இதையும் சுமந்தா அடுத்ததைக் கொண்டு வருவியள்.”

“நான் உன்னில எவ்வளவு அன்பு எண்டு உனக்குத் தெரியாதோ?”

“தெரியும். அதுக்கு என்ர பேரை ஏன் கேக்கிறியள்?”

அழுதார். நான் தலையைத் தடவிவிட்டேன். தடவினேன் என்பதற்காகச் சம்மதித்தேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பெப்ரவரி 14, புதன்

உடை ஒத்திகை. நாற்பத்தாறு வினாடி. பீனா கத்தினாள். இரண்டாம் தரம் முப்பத்தெட்டு.

நாளைக்குப் பொலிஸ். எனக்காகப் பச்சைச் சேலையைக் கேதீஸ் எடுத்து அயர்ன் பண்ணி வைத்திருந்தார். நான் காற்சட்டை போட்டுக்கொண்டு போவேன்.

பெப்ரவரி 15, வியாழன்

பஸ்ஸில் வழி முழுவதும் எனக்குச் சொல்லித் தந்துகொண்டு வந்தார். எந்தத் தெருவால் வந்தேன், எங்கே திரும்பினேன், மழை எந்தப் பக்கமாக அடித்தது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது என் பிழை. பயம்தான். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவிடுவார் என்று பயந்தேன்.

உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரை. பொலிஸ் அதிகாரி இளம் பெண். எங்கள் அட்டைகளை வாங்கிப் பெயர்களைத் தட்டினாள். பிறகு கேட்டாள்: “ஜனவரி பதினெட்டாந் தேதி மாலை ஐந்தேகாலுக்கு இந்த வானை ஓட்டியது யார்?”

கேதீஸ் என்னைப் பார்த்தார். என் முழங்கையை லேசாகத் தொட்டார்.

நான் சொன்னேன்: “அந்த நேரம் நான் தியேட்டரில் இருந்தேன். பன்னிரண்டு பாடகிகளுக்கு உடை அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். வேலைப் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அத்தனை பேரையும் நீங்கள் கேட்கலாம்.”

“அப்படியென்றால் ஓட்டியது யார்?”

“என் கணவர் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் கேளுங்கள்.”

அவள் கேட்கவில்லை. கையை விசைப்பலகையில் வைத்தபடி காத்திருந்தாள். சுவர் மணிக்கூட்டை நான் பார்த்தேன். தியேட்டர் வேலை எனக்கு வினாடி எண்ணப் பழக்கியிருக்கிறது. எழுபது வரைக்கும் எண்ணினேன். அந்த எழுபது வினாடியில் எத்தனை தரம் வாயைத் திறந்து ‘நான்தான்’ என்று சொல்லப் பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

“நான்தான்” என்றார் கேதீஸ். தமிழில் சொன்னார். பிறகு இத்தாலியனில் இன்னொரு தரம்.

வெளியே வந்ததும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் இருந்தேன். வீட்டில் ஒரு பையில் உடுப்புகளை எடுத்து வைத்தார்.

“பெண்சாதி எண்டு இருந்தா போதுமோ?” என்றார்.

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்” என்றேன்.

தன்னோடு வேலை செய்யும் நகுலனின் வீட்டில் தங்கப் போய்விட்டார். அரிசி களைந்து உலையில் போட்டேன். ஒருவருக்கு எவ்வளவு போடுவது என்று மறந்துபோயிருந்தது.

பெப்ரவரி 18, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த மூன்று பேர் எழுந்து மற்றப் பக்கம் போனார்கள். நல்லது, கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது. பூசை முடியும்வரை இருந்தேன். பிரசாதமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் சிவரதி எடுத்தாள். “அண்ணாவைக் கொண்டுபோய்க் குடுத்திட்டியள். ஒரு பிள்ளையைப் பெத்திருந்தா உங்களுக்கு இப்பிடி மனம் வந்திருக்காது.”

“சிவரதி, எனக்குப் பிள்ளை பிறக்கும். ஆஸ்பத்திரித் தாள் என்ர அலுமாரியில கிடக்கு. குறை ஆரில எண்டு உங்கட அண்ணாவைக் கேளும். நான் சொன்னா நம்பமாட்டீர்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

இதைச் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. சொன்னது பிழை என்றும் தோன்றவில்லை.

பெப்ரவரி 23, வெள்ளி

முதல் காட்சி. நீதிமன்றக் காட்சியில் அஞ்ஞேசே நின்றே பாடினாள். இயக்குநர் தோற்றுவிட்டார். மேல்மாடத்தில் யாரோ அது பிடிக்காமல் சீழ்க்கை அடித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பி, அவர்களுக்காகவே பாடுவதுபோல அடுத்த வரியைப் பாடினாள். அதற்குப் பிறகு சபை மூச்சு விடவில்லை.

உடை மாற்றியது முப்பத்தாறு வினாடி. கடைசிப் பாட்டை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நல்ல பாட்டு. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். பீனா என் தோளில் சாய்ந்து அழுதாள். முன்வரிசையில் ஆண்களும் அழுதார்கள். ஒரு பெண் செத்துக் கொடுத்தால் எல்லாருக்கும் எவ்வளவு நிறைவு. அவள் நீதிமன்றத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தச் சனம் டிக்கெட் எடுத்து வந்திருக்காது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தோடு பதினாறு கொக்கியையும் கழற்றினேன்.

“பசிக்குது” என்றாள் அஞ்ஞேசே.

மார்ச் 11, ஞாயிறு

கேதீஸ் சினோரா நுன்சியாவைப் பார்க்கப் போனாராம். தனியாக. நகுலன் சொன்னான். அவள் முதலில் செருப்பை எடுத்து எறிந்தாளாம். அடுத்த நாளும் போனாராம்.



நவம்பர் 20, செவ்வாய்

இன்றைக்கு வழக்கு. இத்தனை மாதம் இந்தப் பின்பக்கங்களைத் தொடவில்லை.

விசாரணைக்கு முன் தாழ்வாரத்தில் கேதீஸின் சட்டத்தரணி என்னை ஓரமாக அழைத்துப் போனார். “உங்கள் கணவர் உதவி கேட்டு உங்களிடம் தியேட்டருக்கு ஓடி வந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்ன விஷயம்தான். கொஞ்சம் அழுதாலும் நல்லது.”

“வரவில்லை” என்றேன்.

“சினோரா, உங்கள் கணவர் மேல் உங்களுக்கு அன்பு இல்லையா?”

“இருக்கிறது. அதனால்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.”

கேதீஸ் கேட்டுக்கொண்டு நின்றார். மெலிந்துவிட்டார். “விடுங்கோ, அவ சொல்லமாட்டா” என்று சட்டத்தரணியிடம் சொன்னார். சொன்ன குரலில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் பழைய கோபம் இல்லை.

உள்ளே அவரே எல்லாவற்றையும் சொன்னார். தூக்கி இருத்தியதையும், நம்பர் அடித்து நிறுத்தியதையும். ஊன்றுகோலோடு வந்திருந்த நுன்சியா, “பயந்தாங்கொள்ளி, ஆனா இப்ப வாரத்துக்கு மூண்டு தரம் வந்து கிழங்கு மூட்டை தூக்கிறான்” என்றாள். நீதிபதி சிரிக்கவில்லை. ஒன்றரை வருடச் சிறை, ஒத்திவைப்பு; இப்போது உள்ளே போகத் தேவையில்லை. லைசென்ஸ் பறிமுதல். இந்த நாட்டில் தங்கும் அனுமதிப் பத்திரம் வேறு அலுவலகத்தின் விஷயம், அங்கே என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

படிகளில் இறங்கும்போது கேதீஸ் என் பக்கத்தில் வந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு இவ்வளவு கிட்ட.

“சிவரதிக்கு நேற்று போன் எடுத்துச் சொல்லிப்போட்டன்” என்றார். “எல்லாத்தையும்.”

கடைசிப் படியில் நின்றார்.

“யசோ, நான் வீட்டை வரட்டோ?”

நிறைய நேரம் எடுத்தேன். அவரும் காத்துக்கொண்டு நின்றார்.

“வாங்கோ” என்றேன். “வீட்டில சமைக்க ஒண்டும் இல்லை. ரெண்டு பேருக்கும் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து நீங்களே சமையுங்கோ. எனக்கு ஆறு மணிக்கு வேலை.”